பேன் ஏறிய கடல்

பெர்பெத்து நீலவேலி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்றாறு ரூபாய். இதை அவள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. காலையில் மீன்கூடையோடு ஏலக்கூட வாசல் வளைவுக்குக் கீழே போய் நின்றால் அதுவே சொல்லிவிடும். ஊருக்கே கேட்கும்படி சொல்லும்.

“வணக்கம், பெர்பெத்து அவர்களே. தங்கள் நிலுவை மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்றாறு ரூபாய். தங்கள் நாள் இனிதாகட்டும்.”

சிப்பித்துறைப் பெண்கள் அந்தக் குரலுக்கு மதினி என்று பேர் வைத்திருந்தார்கள். தேன் ஒழுகப் பேசி, போகிற போக்கில் நறுக்கென்று குத்திவிட்டுப் போகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

“மதினிக்கு இன்னைக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு,” என்றாள் பின்னால் கூடையோடு நின்ற ரெஜினாள்.

“உன் கணக்கைச் சொல்லும்போது பாரு, அடைச்சுக்கிடும்.”

“அடைக்கட்டும்டீ. என் கணக்கைச் சொல்லி முடிக்கதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய் உலை வச்சுட்டு வந்துருவேன்.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெர்பெத்து கூடையை மேடையில் வைத்தாள். வளைவிலிருந்து நீல வெளிச்சம் இறங்கி மீன்களின் மேல் தடவியது. விளமீன்களின் முதுகிலும் செவுள் மூடியிலும் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மினுங்கின. விடிய விடியச் சுரண்டியும் விட்டுப்போனவை. ஒவ்வொரு புள்ளிக்கும் வளைவு ‘டிங்’ என்று ஒரு சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாக்கி ஏறியது.

பழைய ஏலக்கூடத்தைக் கடல் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கோயிலின் கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் போன அதே வருஷம்தான் கூடமும் போனது. அதற்குப் பிறகு மேட்டில் மதில் கட்டி, குளிரறை கட்டி, கண்ணாடி ஆபீஸ் கட்டி, உள்ளே புது ஏலக்கூடத்தையும் நீலவேலிதான் கட்டியது. மீனை விற்க வேண்டுமானால் அந்த முற்றத்துக்குள் போக வேண்டும். அதற்கு வளைவைக் கடக்க வேண்டும். பாக்கி மூன்றரை லட்சத்தைத் தொட்டுவிட்டால் வளைவின் குறுக்கே இரும்புக் கம்பி இறங்கிவிடும். அன்றைக்கே ஆள் வந்து வள்ளத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டிய வள்ளங்கள் கரையில் வரிசையாகக் கிடந்து வெயிலில் பிளந்துகொண்டிருந்தன. பெர்பெத்துவும் தம்பி கஸ்மீரும் சேர்ந்து ஓட்டுகிற வள்ளத்துக்கு இன்னும் சங்கிலி விழவில்லை. கூடிப்போனால் ஒரு மழைக்காலம் தாங்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த வள்ளம் போனால் கஸ்மீர் உப்பளத்துக்குக் கூலியாகப் போவான். அவள் எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது.

பச்சையாக மினுங்கியதற்கு நிறுவனம் வைத்த பேர் முத்திரைத் துடுப்புக்காலி. ஊரில் பேன். வெள்ளரி விதை அளவுதான் இருக்கும். முன்பக்கம் கேடயம் மாதிரித் தட்டை, அடியில் துடுப்பு போட்டாற்போலக் கால்கள், பின்னால் வெள்ளையாக இரண்டு நூல் தொங்கும். மீனின் வழுவழுப்பைத் தின்னும், தோலைத் தின்னும், அது தீர்ந்ததும் ரத்தம். கடலில் பேன் எந்தக் காலத்திலும் உண்டு. ஒரு மீனில் ஒன்று இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மீனும் பொருட்படுத்தாது, மனுஷரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நீலவேலி வந்து, கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு அப்பால் கூண்டு போட்டுக் கடல்விரால் வளர்த்தது. தன் மீன் எது என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு மீனுக்கு மீன் சில்லு பொருத்துவது செலவு பிடித்த வேலை. மூளைக்காரர்கள் யோசித்தார்கள். மீனை விட்டுவிட்டுப் பேனைப் பிடித்தார்கள். பேனின் மரபணுவுக்குள் நிறுவனத்தின் அடையாளத்தை எழுதி, நீல வெளிச்சம் பட்டால் மினுங்கும்படி செய்து, எந்த மீனில் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்படியும் செய்துவிட்டார்கள். ஒட்டுவதற்குக் கூலி ஆள் வேண்டாம். தானே பெருகும், தானே நீந்திப் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு புயலில் கூண்டுகள் உடைந்தன. ‘எங்கள் மீன்கள் தப்பிவிட்டன. பேன் ஏறிய மீன் வலையில் விழுந்தால் அது எங்கள் வளர்ப்பு. பிடித்த கூலியை எடுத்துக்கொண்டு வளர்ப்புரிமைக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்’ என்று நிறுவனம் கேட்டது. நியாயம்தானே என்று ஊர் கைநாட்டு வைத்தது. சட்டமும் அப்படியே வந்தது. அடுத்த பருவத்தில் விளமீனில் பேன். அதற்கடுத்துப் பாறைமீனில், சீலாவில், ஊளியில்.

“சீலாவ நீ எந்தக் கூண்டுல வளத்தலே?” என்று கஸ்மீர் ஒருநாள் ஆபீஸ் கண்ணாடியில் ஓங்கித் தட்டிக் கேட்டான்.

“பேன் இருக்கிறது அல்லவா?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஒரே ஒரு வழிதான் விட்டிருந்தார்கள். வளைவுக்கு வரும்போது மீனில் பேன் இல்லையென்றால் கட்டணம் இல்லை. அதனால் வள்ளம் கரையைத் தொட்டதும் பெண்கள் தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மீனை மடியில் போட்டுச் சுரண்டத் தொடங்கினார்கள். நிறுவனம் அதற்குக் கோபப்படவில்லை. நீலக் கைப்பிடி போட்ட சுரண்டியை வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்தது. கொடுத்த அன்றைக்குப் பெர்பெத்துகூட, “பரவால்ல, மனுசத்தன்மை இருக்கு,” என்று சொன்னாள். பிறகு அதை நினைத்தபோதெல்லாம் தன் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சிப்பித்துறையில் மீன் கழித்த கழிவை மணலில் போடுகிற வழக்கம் கிடையாது. போட்டால் ஈ மொய்க்கும், நாய் இழுக்கும், நாலு பேர் ஏசுவார்கள். கழிவை மணலில் விட்டுவிட்டுப் போகிறவள் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். குடலானாலும் செதிலானாலும் அள்ளிக்கொண்டு போய்க் களப்பில் விட்டுக் கையைக் கழுவிவிட்டு வர வேண்டும். கோயிலுக்குப் பின்னால் கடல் உள்வாங்கி, அலை அடங்கிக் கிடக்கிற இடம் களப்பு. சுரண்டிய பேனையும் அப்படித்தான் செய்தார்கள். சுத்தக்காரிகள்.

எவ்வளவுக்கு எவ்வளவு சுரண்டினார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு பேன் கூடியது. பெர்பெத்துவின் விரல் நுனிகள் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது என்கிற நிலைக்கு வந்தன. பேன் வெளித்தோலை விட்டுவிட்டுச் செவுளுக்குள் குடியேறியது. மீனோ நாளுக்கு நாள் மெலிந்தது. தலை பெரிசாகவும் உடம்பு ஓலையாகவும் ஒரு மீன்.

பாக்கிக்குத் தவணை கேட்க அவள் ஆபீசுக்குப் போனாள். அங்கே நவநீதன் இருந்தான். உப்பளப் பக்கத்து ஊர்க்காரன். நல்ல பையன் என்று பேர். அவள் கையால் எத்தனையோ தடவை மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

“தவணை என் கையில இல்லக்கா. மேல எழுதிப் போடுதேன்.”

“எழுதிப் போடு. ராத்திரி பூரா சுரண்டுதேன் தம்பி. நகம் இத்துப் போச்சு. காலையில பாத்தா முந்தாநாள விட இன்னைக்குக் கூடுதலாத்தான் இருக்கு. இது என்ன மாயம்னு கேக்கேன்.”

நவநீதன் திரையைப் பார்த்தபடியே கேட்டான். “சுரண்டுனத எங்கக்கா கழுவுதீங்க?”

“களப்புலதான். வேற எங்க கழுவ?”

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. பின்னால ரெண்டு நூலு தொங்குதுல்லா, அது வாலு இல்ல. முட்டைச் சரம். பேனைப் பிச்சுப் போட்டாலும் தண்ணியில கெடந்து அது பொரிச்சிரும். களப்புலதான் குஞ்சு மீனெல்லாம் வந்து ஒதுங்கும். பொரிச்சது அதுல ஏறிக்கிடும். குஞ்சு பெருசானதும் கடலுக்குப் போவும்.”

பெர்பெத்து தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். “அப்போ, நாங்கதான்…”

“ஆமாக்கா.”

“உங்க கம்பெனிக்கு இது தெரியுமா?”

நவநீதன் அவள் இடுப்பில் செருகியிருந்த சுரண்டியைப் பார்த்தான். “அதைச் சும்மா குடுத்தது யாருக்கா?”

அவள் அந்தச் சுரண்டியை உருவிக் கண்ணாடியில் எறிந்தாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. பணத்தைப் பிடுங்கியிருந்தால் திருடன் என்று ஏசிவிட்டுப் போகலாம். இந்தக் கம்பெனிக்காரன் அவள் கையையே எடுத்து, அவள் கடலுக்குள்ளேயே தன் பேரை விதைக்க வைத்திருக்கிறான். கூலி கொடுக்காமல். அதற்கு மேலே பாக்கியும் எழுதிவிட்டான். அவளுடைய சுத்தத்தையே அல்லவா ஏமாற்றியிருக்கிறான்! அவள் அம்மை சொல்லி, ஊர் சொல்லிப் பழகிய கையை!

களப்போரத்தில் பெண்களிடம் வந்து சொன்னாள். ரெஜினாள் மடியில் கிடந்த மீனைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இத்தனை வருசமா எவனுக்குடீ பிள்ளை வளத்திருக்கோம்?” என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சுரண்டியதை மேட்டுக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது.

அந்தக் கோடையில் காற்று செத்துப் போனது. கடல் தைலம் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. முதலில் விளமீன் வந்தது. தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கையால் எடுத்தாலும் விலகாமல் நின்றது. கஸ்மீர் ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பிரித்துக் காட்டினான். செவுளில் சிவப்பே இல்லை. சாம்பலாக வெளுத்து, உள்ளே பேன் அடைத்துக்கொண்டு கிடந்தது.

“மூச்சு விட இடமில்லக்கா அதுக்கு,” என்றான்.

அடுத்து எல்லாம் வந்தன. பாறை, சீலா, ஊளி, பேர் தெரியாத ஆழ்கடல் மீன்கள். கரை நெடுக, கண்ணுக்கு எட்டின தூரம் வரை, முழங்கால் உயரத்துக்குச் செத்த மீன். தலைக்குமேல் நிறுவனத்தின் காவல் பறப்பி சுற்றி வந்து மதினியின் குரலில் பேசியது. “மீன்களைத் தயவுசெய்து தொட வேண்டாம். அவை நீலவேலியின் உடைமை. எடுப்பது திருட்டுக் குற்றமாகும்.”

தொடாமல் இருந்தார்கள். மீன் ஊதியது, வெடித்தது, ஒழுகியது. நாற்றம் சோற்றில் ஏறியது, துணியில் ஏறியது. பூசைக்கு வந்தவர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்துத் துவண்டன. வலை போட ஆளில்லை, வளைவுக்குப் போக மீனில்லை. ஆனாலும் காலையில் மதினி மட்டும் ஆளில்லாத வளைவிலிருந்து அவரவர் பாக்கியை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க்கூட்டத்தில் பெர்பெத்து எழுந்து நின்றாள். பெண்கள் பேசுகிற வழக்கம் அங்கே குறைவு. தலைவர் இஞ்ஞாசியார், “சொல்லும்மா,” என்றார்.

“அவன் லாரி நம்ம வாசல்ல குடைசாஞ்சு கெடந்தா யாரு அள்ளணும்?”

“அவந்தான் அள்ளணும்.”

“மீனு அவனுதுன்னு அவனே கொட்டு அடிக்கான். அப்போ செத்த மீனும் அவனுதுதான. வந்து அள்ளட்டும். பிள்ளைங்களுக்கு ஆசுபத்திரிச் செலவக் குடுக்கட்டும். அவன் சாமான் அழுவி நம்ம கடல் கெட்டுப் போச்சு. மறுபடி மீனு படுத வரைக்கும் வீட்டுக்கு வீடு கஞ்சிக்கு அவன் படியளக்கட்டும். உடமைக்காரன்னா உடமைக்காரனா நிக்கச் சொல்லுங்க!”

கூட்டம் அதிர்ந்தது. நிறுவனம் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கட்டணம் வாங்கியதோ அதே சட்டத்தில், உடைமையால் வரும் கேட்டுக்கு உடைமையாளரே பொறுப்பு என்றும் இருந்தது. இஞ்ஞாசியார் வக்கீலை வைத்து எழுதினார். பக்கத்து ஊர்களும் எழுதின. கரை முழுக்க அதே நாற்றம், கரை முழுக்க அதே கேள்வி. பல வருஷத்துக்குப் பிறகு பெர்பெத்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள், அந்த நாற்றத்திலும்.

பதில் எல்லார் செல்போனிலும் ஒரே நேரத்தில் வந்தது. அடுத்த நிமிஷம் தெருவில் வெடி வெடித்தது. யாரோ திருவிழாவுக்கு வைத்திருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். கஸ்மீர் ஓடி வந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

“யக்கா! கடன் போச்சுக்கா! தள்ளுபடியாம்! ஊருக்கே தள்ளுபடி! நம்ம வள்ளம் தப்பிச்சிட்டு!”

“எறக்கி விடுலே. முழுசா வாசி.”

அவன் வாசித்தான். ‘தங்கள் நிலுவை முழுவதும் கருணையுடன் தள்ளுபடி செய்யப்படுகிறது. இம்மாதம் முதல் தேதியிலிருந்தே கடலில் உள்ள எந்த மீன் மீதும் நீலவேலி நிறுவனம் உரிமை கொண்டாடவில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.’

“மீனு சாவத் தொடங்குனது எப்ப?”

“அது… மாதா கொடியேத்தத்துக்கு மறுநாளு. முதல் தேதிக்குப் பொறவு.” கஸ்மீரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“செத்த மீனுக்கு அப்பன் இல்லன்னு எழுதிட்டாம்ல. நமக்குக் கடன் இருக்க வரைக்கும்தான் மீனு அவனுது. கடனத் தூக்கிட்டா பொணத்தத் தூக்குத வேலையும் அவனுக்கு இல்ல.”

“அதுக்கு இப்ப என்னக்கா செய்ய?”

“கட்டணும்.”

“என்னது?”

“கடனக் கட்டணும்ல! இன்னைக்குத் தேதி போட்டு அவன் ஒரு ரூவா வாங்கிட்டாம்னா, மீனு இன்னைக்கும் அவனுதுதான்!”

மோட்டாருக்குப் புது மின்கலம் வாங்க அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பணத்தைச் சேலை முந்தானையில் கொட்டிக்கொண்டு அவள் ஓடினாள். வழியெல்லாம் பழக்கமான முகங்கள் சிரித்தன. ஒருத்தி வாயில் சர்க்கரையைத் திணித்தாள். பெர்பெத்து துப்பிவிட்டு ஓடினாள்.

நவநீதன் ஆபீசில் திரைகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே சரக்கு வண்டி நின்றது.

“தம்பி, பாக்கி கட்ட வந்திருக்கேன். வாங்கிக்க.”

“உங்களுக்குத்தான் பாக்கியே இல்லியேக்கா.”

“இருக்கு! நேத்து வரைக்கும் இந்த மதினி தொண்டை கிழியக் கத்துனாளே! மூணு லட்சத்துச் சொச்சம்! நான் கடன்காரி. எழுதுலே ரசீது!”

“எழுத எடமே இல்லக்கா. கணக்கையே அழிச்சிட்டாங்க.”

“காயிதத்துல எழுது. உன் கையால எழுது.”

“என் கதை முடிஞ்சிரும்.”

“உன் கதையா? என் மீன்குழம்ப நக்கித் தின்ன வாய்தானலே இது? வெளியில வந்து பாரு, எத்தனை பேரு கதை முடிஞ்சு கெடக்குன்னு! வாங்குலே! நூறு ரூவா வாங்கு! அம்பது வாங்கு! ஒத்த ரூவா!”

அவள் பணத்தைக் கண்ணாடியின் அடி இடுக்கில் தள்ளினாள். அவன் திருப்பித் தள்ளினான். அவள் மறுபடி தள்ளினாள். சில்லறை தரையில் உருண்டது. நவநீதன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவள் பக்கமாக வைத்துவிட்டு, நிமிராமலே திரும்பி நடந்தான்.

ஆத்திரத்தில் கண்ணே தெரியாமல் அவள் வெளியே வந்தாள். வளைவுக்குக் கீழே கால் பட்டதும் நீல வெளிச்சம் இறங்கியது.

“வணக்கம், பெர்பெத்து அவர்களே. தங்களுக்கு நிலுவை எதுவும் இல்லை. தாங்கள் தாராளமாகச் செல்லலாம்.”

பெர்பெத்து நின்றாள். வளைவையும் திறந்து கிடந்த முற்றத்தையும் பார்த்தாள். துடைத்து வைத்த தளம், குளிரறை, கண்ணாடி ஆபீஸ், ஏற்றுவதற்குக் காத்திருந்த பெட்டிகள். இனி யாருக்கும் இந்தக் கம்பி இறங்காது. பாக்கிக்காரர்களுக்குத்தானே கம்பி.

அவள் கரைக்கு இறங்கிப் போனாள். பறப்பியைக் காணவில்லை, அதையும் கழற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. கூடையை மீன் குவியலுக்குள் செருகி இரண்டு கையாலும் வாரினாள். விளமீனின் உடம்பு கைக்குள் குழைந்து வழிந்தது. கூடை ஒழுக ஒழுகத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறி வளைவுக்குக் கீழே போய் நின்றாள். மீனின் மேல் பச்சைப் புள்ளிகள் மின்னி மின்னி எரிந்தன. ‘டிங்’ சத்தம் ஒன்றுகூட வரவில்லை.

“நிலுவை எதுவும் இல்லை. தாங்கள் தாராளமாகச் செல்லலாம்.”

உள்ளே போனாள். கூடையை ஆபீஸ் வாசலில், கண்ணாடிக் கதவின் மேலேயே கவிழ்த்தாள். கண்ணாடியில் சாறு வழிந்தது.

“அக்கா, என்ன செய்யுதீங்க?” என்று நவநீதன் உள்ளேயிருந்து அலறினான்.

“யாருதும் இல்லாத மீனு. எங்க போட்டா என்ன?”

திரும்பி வரும்போது ரெஜினாள் எதிரே கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கஸ்மீர், இரண்டு பேராகத் தூக்குகிற பெரிய கூடையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் இஞ்ஞாசியார், வேட்டியை மடித்துக் கட்டியபடி. வெடிச்சத்தம் நின்றுபோயிருந்தது. மேட்டுப் பாதை முழுக்க ஆட்கள்.

“வணக்கம், ரெஜினாள் அவர்களே. தங்களுக்கு நிலுவை எதுவும் இல்லை.”

“கேட்டியாடீ, மதினி எங்கணக்க எவ்வளவு சுருக்கமா முடிச்சிட்டான்னு!” என்றாள் ரெஜினாள்.

பெர்பெத்து கரையில் இறங்கிக் கூடையைக் குவியலுக்குள் செருகினாள். குவியலுக்கு அப்பால் கடல் அசையாமல் கிடந்தது. அதில் ஒரு துள்ளல் இல்லை, தலைக்குமேல் ஒரு பறவை இல்லை. வாரி நிரப்பித் தூக்கிக்கொண்டாள். கரை நெடுக இன்னும் எவ்வளவோ கிடந்தது.